குழந்தை மேனியும் கோடை வெயிலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் குடியேறி வாழும் இம்மெட்டுகுடா, ஆண்டில் இருமுறை கதிரவன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும் பகுதி. மே 9-ஆம் நாளையொட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 3-ஆம் நாளையொட்டி மறுமுறையும் நண்பகலில் நட்ட கம்பத்திற்கும் நிழல் விழாது. பள்ளி விடுமுறையும் அக்கோடையிலேதான் வருகின்றது. நடை பயிலும் குழந்தைகளும் அண்ணன் அக்காமாரோடு மைதானத்துக்கு ஓடிவிடுகின்றனர். அச்சின்னஞ்சிறு மேனியில் பூசும் வெயில்காப்புக் களிம்பில் எப்பொருள் இருக்கலாம், எப்பொருளைத் தவிர்க்கலாம் என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

குழந்தையின் தோல் பெரியவர் தோலினும் மெல்லியது. உடலின் எடையை நோக்க அதன் பரப்போ மிகுதி. ஆதலின், தோல் வழியே உட்புகும் பொருள் நமக்குச் சிறிதாயினும் குழந்தைக்குச் சிறிதாகாது.

இக்களிம்புகள் இருவகைப்படும். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் தாதுப் பொருள்களைக் கொண்டவை ஒருவகை. இவை பெரிதும் தோலின் மேலேயே தங்கிப் புறஊதாக் கதிர்களைத் தடுக்கின்றன. ஆக்சிபென்சோன், அவோபென்சோன், ஆக்டோகிரிலீன் முதலிய வேதிச் சேர்மங்களைக் கொண்டவை மற்றொரு வகை. பெரியவர்களிடம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடத்தி, 2019-லும் 2020-லும் வெளியான ஆய்வுகளில், இச்சேர்மங்கள் இரத்தத்திலும் கலப்பது தெரியவந்தது. கலப்பதனாலேயே தீங்கு என்று முடிவு கட்டிவிடலாகாது. மேலும் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். ஆயினும் 2019-இல் அந்நிர்வாகம் முன்வைத்த வரைவில், பாதுகாப்பும் பயனும் உள்ளவை என இசைந்து கூறப்பட்டவை முற்கூறிய இரு தாதுப் பொருள்களே. ஐயமற்ற வழி ஒன்று இருக்க, ஐயத்துக்குரியதைக் குழந்தைக்குப் பூசுவானேன்?

நம் நாட்டில் இக்களிம்புகள் ஒப்பனைப் பொருள்களாகவே விற்கப்படுகின்றன; மருத்துவரின் சீட்டு வேண்டுவதில்லை. எனவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோரையே சார்ந்தது. டப்பாவின் முகப்பிலுள்ள குழந்தைப் படத்தை நம்பாது, பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படியுங்கள். காப்பு எண் 30 அல்லது அதற்கு மேல் இருத்தல் நன்று. 30 என்பது தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 97 பங்கையும், 50 என்பது 98 பங்கையும் தடுக்கும். பெரிய எண்ணுக்காகப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. நறுமணம் சேர்த்தது வேண்டா. மூச்சில் புகக்கூடுமாதலால் தெளிக்கும் வகையும் வேண்டா.

முதலில் முன்கையில் சிறிது தடவி, மறுநாள் வரை தடிப்போ சிவப்போ தோன்றுகிறதா எனப் பாருங்கள். பின்னர்த் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறையும், நீராடிய பின்னும் மீண்டும் பூசுங்கள். தேங்காயெண்ணெயும் காலமைன் மருந்தும் இதற்கு மாற்றாகா.

ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ களிம்பைவிட நிழலே தக்கது. மற்றக் குழந்தைகளுக்கும் முதற்காப்பு நிழலும், தொப்பியும், முழுக்கைப் பருத்திச் சட்டையுமே. களிம்பு அவற்றுக்குத் துணை மட்டுமே.

ஒன்று சொல்லி முடிக்கின்றோம். "பிள்ளை கறுத்துவிடுவான்" என்னும் அச்சத்தால் சிவப்பழகுக் களிம்புகளைத் தேடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருந்ததாக உலகின் பல நாடுகளில் கண்டறிந்துள்ளனர். கருமை குறையன்று, தோல் வெந்து புண்படுவதே தீங்கு. நிறத்துக்காக அன்று, நலத்துக்காகவே குழந்தையைக் காப்போம். சிறுவர் போட்டிகளைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ, மாலை நான்கு மணிக்குப் பின்போ நடத்துமாறு சங்கத்தாரையும் இவ்வவையில் வேண்டிக்கொள்கின்றோம்.