சாதி எல்லை தாண்டும், சான்றிதழ் தாண்டாது



ஓசூரில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்குரைஞருக்கு இன்று கிருஷ்ணகிரி நீதிமன்றம், நாளை ஆனேக்கல், மறுநாள் குப்பம். மூன்று மாநிலம். 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எங்கே பதிவு செய்திருந்தாலும் நாடு முழுவதும் தொழில் செய்யலாம் என்கிறது. அந்த ஒரு பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர ஐம்பது ஆண்டு பிடித்தது. 2011 ஜூன் 15இல்தான் வந்தது. இருக்கட்டும், கறுப்பு அங்கிக்கு வழி கிடைத்துவிட்டது. கட்சிக்காரருக்கு?

தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தலித் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி அவர்களோடு அதே பேருந்தில் ஏறிவிடுகிறது. வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பட்டியல் சாதி என்ற தகுதி மட்டும் அத்திப்பள்ளியோடு நின்றுவிடுகிறது.

காரணம், அரசமைப்பின் 341ஆவது உறுப்பு. பட்டியல் மாநிலவாரியாகத்தான் அறிவிக்கப்படுகிறது. 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி என்பதாலேயே இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. அப்போதும் முடியாது. தமிழ்நாட்டுச் சான்றிதழ் ஒன்றிய அரசு வேலைக்குச் செல்லும். கர்நாடக அரசு வேலைக்குச் செல்லாது.

கோலார் தங்கவயலுக்குப் போனால் இந்தக் கணக்கு எவ்வளவு விசித்திரம் என்பது புரியும். வடாற்காட்டிலிருந்து சுரங்கத்துக்குப் போன தலித் மக்களின் ஊர் அது. 1950 ஆகஸ்ட் 10, அதாவது குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள், அதற்கு முன்பே தாத்தா அங்கே நிலையாகக் குடியேறியிருந்தால் பேரன் கர்நாடகத்தின் பட்டியல் சாதி. பின்னால் போயிருந்தால் இல்லை. ஒரே சாதி, ஒரே தெரு. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்கில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா எந்த வருஷம் இங்கே வந்தார்?"

இடஒதுக்கீட்டில் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். உள்ளூர் தலித் பிள்ளையின் இடத்தை வெளியிலிருந்து வந்தவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அடி உதைக்கும் அதே விதியா? வெளிமாநிலத்துக்காரரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காக்காது என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் வாதாடத்தான் செய்கிறார்கள். 2023இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. வேறு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. கர்நாடக, ஆந்திர நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாடலாம், வாதாடவும் வேண்டும்.

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு இன்னொன்று. அங்கே அடிபட்டவர் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வாய் திறப்பார். உள்ளூர் காவல் நிலையத்தில், "சம்பவம் நடந்த இடத்தில் போய்க் கொடு" என்பார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைக் காட்டுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம். விசாரணைக்கு அங்கே போய்வரும் செலவை வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி கேளுங்கள். முதல் வாய்தாவிலேயே எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு பேருந்துக்குக் கடன் வாங்குகிறவர் மூன்றாவது வாய்தாவுக்கு வரமாட்டார்.