தோல்வியைத் தாங்கும் மனம்



சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கத்தார் சென்றிருந்தோம். அல் கோரில், அரபியரின் கூடாரம் போலக் கட்டப்பட்ட அல் பைத் மைதானத்தைப் பார்த்தோம். 2022 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மொராக்கோ பிரான்ஸிடம் 0–2 எனத் தோற்றது அங்கேதான். ஆப்பிரிக்க நாடு ஒன்று அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல் முறை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தோல்வி இன்னும் ஆறவில்லை. ஆனால் தோற்ற வீரர்களோ அன்று மைதானத்திலேயே ஸஜ்தா செய்தார்கள்.

நம் வீடுகள் பலவற்றில் என்ன நடக்கிறது? அணி தோற்றால் மனைவி மக்கள் மீது எரிந்து விழுகிறோம். வாட்ஸ்அப்பில் சொந்தங்களோடு சண்டை. நள்ளிரவு வரை விழித்து, சுப்ஹுத் தொழுகையும் தவறிப்போகிறது.

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருமுறை கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் முந்திவிட, தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என நபியவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆகவே வருந்துவது தவறல்ல. அந்த வருத்தம் வீட்டாரைச் சுடக்கூடாது. தோல்வியைத் தாங்குவது எப்படி என்று பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.