ராஸ்வெல் ஊரின் 72



பட்டமளிப்பு மேடையில் உச்சியைத் தொட்டவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். உச்சிக்கே போகாத ஒருவரைப் பற்றிச் சொல்ல நான் வந்திருக்கிறேன். ஜோ பௌமன், அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடிப்பதை அங்கே ஹோம் ரன் என்பார்கள். 1954-இல், தம் 32-ஆம் வயதில், நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் அணிக்காக 138 ஆட்டங்களில் 72 ஹோம் ரன் அடித்தார். பெரிய லீக்கில் ஒரு பருவத்துக்கான அன்றைய சாதனையே பேப் ரூத்தின் 60தான். பௌமன் ஆடியதோ மைனர் லீக். அதிலும் கீழ்ப்படியான 'சி' வகுப்பு. பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

ராஸ்வெல் மைதானத்தில் பார்வையாளர்களுக்கு முன்னால் கம்பி வலை இருக்கும். அவர் ஹோம் ரன் அடித்துத் திரும்பும்போது, ஆட்கள் எழுந்து வந்து வலைக்கண் வழியே டாலர் நோட்டுகளை நீட்டுவார்கள். அவர் வலையோரமாக நடந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வார். எந்தக் கோப்பையையும்விட அந்தக் கசங்கிய நோட்டுகளை நான் மேலாக மதிக்கிறேன். கொடுத்தவர்கள் அந்த அடியைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஆட்டச் சம்பளத்தை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. அதே ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தினார். மேட்டு நிலம், காற்று லேசு, பந்துவீச்சு சுமார் என்று அந்த 72-ஐக் குறைத்துச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே காற்றில், அதே பந்துகளைத்தானே மற்றவர்களும் அடித்தார்கள்? 2001-இல் பெரிய லீக்கில் பாரி பாண்ட்ஸ் 73 அடிக்கும்வரை, 47 ஆண்டுகள், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. மைனர் லீக்கில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்குத் தரும் விருதுக்கு இன்று அவர் பெயர்தான்.

பட்டதாரிகளே, பௌமனைப் போல உங்களில் பலருக்கும் முதல் வேலை சின்ன ஊரில், பெயர் தெரியாத நிறுவனத்தில் அமையும். வருந்தாதீர்கள். இன்னொன்றும் கேட்கிறேன். முதல் சம்பளம் வாங்கியதும், உங்கள் ஊரில் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்யும் ஒருவரைத் தேடிப் போங்கள். சுகாதார நிலையத்து நர்ஸாக இருக்கலாம், மழையில் கம்பம் ஏறும் லைன்மேனாக இருக்கலாம். அவர் வேலையை நீங்கள் பார்த்ததை நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.