இருவேறு ஜெர்மன், இருவேறு தமிழ்: சூரிக்கில் பயிலச் செல்லும் மாணவருக்கு



மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவமோ ஓராண்டோ அயல்நாட்டில் பயிலச் செல்வது இன்று நம் பல்கலைக்கழக மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளைத் தேர்ந்தெடுப்போரும் நம்மிடையே உண்டு. அந்நாடுகளில் ஒன்றான சுவிட்சர்லாந்தையும், அதன் பெருநகரமாகிய சூரிக்கையும் இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அங்குச் செல்லும் தமிழ் மாணவர், வேறெங்கும் எளிதில் கிட்டாத ஒரு பாடத்தைக் கற்று வர இயலும். அது மொழி பற்றிய பாடம். தமிழ் கற்பிக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

முதலில் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சில செய்திகள். சூரிக் பல்கலைக்கழகம் 1833ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களை அரசர்களும் திருச்சபையும் நிறுவினர். இதனையோ மக்களாட்சி நிலவிய ஒரு மாநிலம் நிறுவியது. 1867இல் ருசியாவிலிருந்து வந்த நதேழ்தா சுஸ்லோவா என்னும் பெண்மணி இங்கு மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாய்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவை அடைத்திருந்த காலத்தில், அயல்நாட்டு மாணவியாக வந்து அவர் அப்பட்டத்தைப் பெற்றார். அவரைப் பின்பற்றி மேலும் பல பெண்கள் அங்குப் படிக்க வந்தனர். வெளியிலிருந்து வரும் மாணவர் தாம் பெறுவதோடு நில்லாமல், தாம் சேரும் இடத்தையும் மாற்றக்கூடும் என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

இனி, படிப்பின் ஒழுங்குமுறை. சூரிக்கில் இலையுதிர்காலப் பருவம் செப்டம்பர் நடுப்பகுதியில் தொடங்கிக் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னர் முடியும். இளவேனிற் பருவ வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கும். பருவம் ஒன்றுக்குப் பதினான்கு வாரங்கள் வகுப்பு நடைபெறும். ஐரோப்பிய மதிப்பலகு முறையில் ஒரு பருவத்தின் முழுச்சுமை 30 அலகுகள். ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு என்பது கணக்கு. வகுப்பறையில் அமரும் நேரம் இதில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியது நூலகத்துக்கும் எழுத்துப் பணிக்கும் உரியது. நேரத்தைப் பிறர் பகுத்துக் கொடுத்துப் பழகிய நம் மாணவர்க்கு இந்த விடுதலையே முதற் சோதனையாக அமைகிறது.

மதிப்பெண் முறையும் கவனிக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தில் 6 மிக உயர்ந்த மதிப்பெண்; 4 தேர்ச்சிக்குரியது. எல்லை கடந்து ஜெர்மனிக்குச் சென்றால் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி விளிம்பு. ஜெர்மனியில் 2 பெற்றவர் நன்கு தேறியவர். சூரிக்கில் 2 பெற்றவர் தவறியவர். ஆகவே புறப்படுவதற்கு முன்னரே எந்தப் பாடங்களுக்கு எத்தனை அலகுகள் ஏற்கப்படும், மதிப்பெண்கள் எவ்வாறு மாற்றப்படும் என்பதைத் தம் பல்கலைக்கழகத்தில் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுதல் நலம். சென்று சேர்ந்த பதினான்கு நாள்களுக்குள் உள்ளூர்க் குடியிருப்பு அலுவலகத்தில் பதிவு செய்தலும், மருத்துவக் காப்புறுதியை ஒழுங்கு செய்தலும் கட்டாயக் கடமைகள்.

இவையனைத்தும் முயன்றால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கைவராதது மொழி. ஈராண்டுகள் முயன்று ஜெர்மன் கற்ற மாணவர், சூரிக் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவதைப் புரிந்துகொள்கிறார். வகுப்பு முடிந்து, வழக்கப்படி அனைவரும் மேசையை விரல் முட்டியால் தட்டிப் பாராட்டிவிட்டு வெளியே வருகின்றனர். அடுத்த நொடியே அருகிலிருக்கும் மாணவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்குவதில்லை. மண்டபத்துக்குள் ஒலித்தது பொது ஜெர்மன். வெளியே ஒலிப்பது சுவிஸ் ஜெர்மன். முன்னது எழுத்துக்கும் கல்விக்கும் உரியது. பின்னது வாழ்வின் பேச்சுக்கு உரியது.

இந்நிலை தமிழருக்குப் புதிதன்று. ‘ஐந்து’ என்று எழுதி ‘அஞ்சு’ என்று பேசுபவர்கள் நாம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது ஏட்டில்; ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்பது நாவில். ஒரே சமுதாயம் ஒரு மொழியின் இரு வடிவங்களை இருவேறு பணிகளுக்குப் பகிர்ந்து வைத்திருக்கும் இந்நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இதனை விளக்கி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அரபு, கிரேக்கம், ஹைட்டியின் கிரியோல் ஆகியவற்றுடன் நான்காம் சான்றாகக் காட்டியது சுவிஸ் ஜெர்மனையே. பின்னர் வந்த ஆய்வாளர்கள் தமிழையும் இவ்வரிசையில் வைத்து விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இரு வடிவங்களுக்கும் இடையே ஒழுங்கு உண்டு என்பதை மாணவர் விரைவில் கண்டுகொள்வார். வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’ என்னும் சொல் சுவிஸ் பேச்சில் ‘ஹூஸ்’ ஆகும். காலத்தைக் குறிக்கும் ‘ட்சைட்’ அங்கு ‘ட்சீட்’ ஆகும். பொது ஜெர்மனில் காலப்போக்கில் மாறிவிட்ட பழைய நெட்டுயிர்களைப் பேச்சுவழக்கு காத்து வைத்திருக்கிறது. சுவிஸ் ஜெர்மனில் எளிய இறந்தகால வினைவடிவம் இல்லை. துணைவினை சேர்ந்த வடிவமே கடந்ததைச் சொல்லும். எனவே பேச்சுவழக்கு என்பது எழுத்து வழக்கின் சிதைவு அன்று. தனக்கென இலக்கணமும் வரலாறும் உடைய வடிவம் அது. நம் மாணவர்க்கு ‘இலை’ ஏன் ‘எலை’ ஆகிறது, ‘தேய்ந்து’ ஏன் ‘தேஞ்சு’ ஆகிறது என்று எவரேனும் விதியாகச் சொல்லிக் கொடுத்திருந்தால், சூரிக்கில் காதைத் தீட்டிக்கொள்வது அவர்களுக்கு எளிதாகும்.

சுவிஸ் மக்கள் தம் பேச்சுமொழியைக் குறித்து நாணுவதில்லை என்பது அடுத்து நோக்கத்தக்கது. பேராசிரியரும், ட்ராம் ஓட்டுநரும், வங்கி மேலாளரும், துப்புரவுப் பணியாளரும் அன்றாடப் பேச்சில் வட்டார வழக்கையே ஆள்கின்றனர். தொலைக்காட்சியில் செய்தி பொது ஜெர்மனிலும் வானிலை அறிக்கை பேச்சுவழக்கிலும் வழங்கப்படுகின்றன. இளையோர் கைப்பேசியில் எழுதும் குறுஞ்செய்திகளும் பெரும்பாலும் பேச்சுவழக்கிலேயே உள்ளன. பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கும் பேரகராதிப் பணி 1862இல் தொடங்கியது. அதன் முதற்பகுதி 1881இல் அச்சேறியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் அதில் உழைத்து வருகின்றனர். மக்கள் பேசுவதை இத்துணை மதிப்புடன் பதிவு செய்யும் சமுதாயம் பொது ஜெர்மனைக் கைவிட்டுவிடவும் இல்லை. அவர்களுடைய நாளிதழ்களும் நூல்களும் சட்டங்களும் பொது ஜெர்மனில்தான் அமைந்துள்ளன.

எனினும் அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு பேசும் பகுதியின் பிள்ளைகள் பள்ளியில் பொது ஜெர்மன் பயில்கின்றனர்; சூரிக்குக்கு வந்தால் தெருவில் பேசுவது புரியவில்லை என்று சோர்கின்றனர். ஒரே நாட்டின் இளையோர் இருவர் ஆங்கிலத்தில் உரையாடும் நிலையும் இதனால் நேர்கிறது. 2011இல் சூரிக் மாநில மக்கள் ஒரு வாக்கெடுப்பின் வழி, பாலர் பள்ளியில் பேச்சுவழக்கே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தனர். குழந்தை தன் மொழியில் வேரூன்றட்டும் என்றது ஒரு தரப்பு. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் பொது ஜெர்மனை முன்கூட்டியே கற்றால்தான் பள்ளிக் கல்வியில் பின்தங்கமாட்டார்கள் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு.

இவ்விடத்தில் நம் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என வலியுறுத்தியது. எழுத்துத்தமிழை மட்டும் வகுப்பறையில் கேட்கும் பிள்ளை, அதைக் கொண்டு பாட்டியிடம் பேச இயலாது. பாட்டியிடம் பேச இயலாத மொழியைத் தேர்வுக்குரிய மொழியாக மட்டுமே கருதும் என்பது அதன் பின்னுள்ள கவலை. பேச்சுத்தமிழுக்கு இடங்கொடுத்தால் எழுத்துத்தமிழ் நலிந்துவிடும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய அச்சத்தைப் புறந்தள்ளலாகாது. ஆனால் சூரிக் நகரம் அவ்வச்சத்துக்கு ஓரளவு விடை தருகிறது. பேச்சு செழித்ததனால் அங்கு எழுத்து அழியவில்லை.

ஆயினும் ஒப்பீட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சூரிக் குழந்தை பேச்சுவழக்கை வீட்டிலிருந்து கொண்டுவருகிறது. பள்ளி அதன்மேல் பொது ஜெர்மனைக் கட்டுகிறது. நம்மிடம் அந்த அடித்தளமே தளர்ந்துவருகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். தமிழைக் குறிப்பிட்டோர் 2.5 விழுக்காட்டினர். ஆகவே சுவிஸ் முறையை அப்படியே பெயர்த்து நடுதல் பயன் தராது. அங்கு வீடு செய்யும் பணியை இங்குப் பள்ளியும் சேர்ந்து செய்யவேண்டியுள்ளது. அதனால் நம் ஆசிரியர்களின் சுமை இரு மடங்கு.

சூரிக்குச் செல்லும் மாணவர் இவ்வினாவுக்கு வேறொரு கோணத்திலும் விடை தேடலாம். 1980கள் முதல் இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் அங்கு வளர்ந்து, படித்து, பணிபுரிகின்றனர். ரயிலில் ஒருவர் நண்பரிடம் சுவிஸ் ஜெர்மனிலும், கைப்பேசியில் தாயிடம் ஈழத்துப் பேச்சுத்தமிழிலும், அலுவலகத்துக்குப் பொது ஜெர்மனிலும் பேசக் கேட்கலாம். வார இறுதியில் தமிழ்ப்பள்ளியில் அவர் பயின்ற எழுத்துத்தமிழையும் சேர்த்தால் நான்கு வடிவங்கள். பல வடிவங்களைக் கையாளுதல் இளம் மனத்துக்குத் தாங்கொணாச் சுமை என்று கருதுவோர் அவர்களைச் சந்தித்துப் பேசவேண்டும்.

மாணவர்களே, நடைமுறைக்குரிய மூன்று கருத்துகளைக் கூறி நிறைவு செய்கிறேன். முதலாவது, புறப்படுமுன் பொது ஜெர்மனை உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவே வகுப்பறையின் திறவுகோல். இரண்டாவது, சுவிஸ் ஜெர்மனைப் பேச விரைய வேண்டா. கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகுங்கள். உங்கள் பொருட்டு எவரேனும் ஆங்கிலத்துக்கு மாறினால், பொது ஜெர்மனில் பேசுமாறு பணிவுடன் கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ந்து இசைவர். மூன்றாவது, உங்கள் வயதுடையோர் தம் மொழியின் இரு வடிவங்களிடையே எவ்வித உறுத்தலுமின்றிச் சென்று வருவதை ஊன்றி நோக்குங்கள். திரும்பி வந்தபின் உங்கள் இளையோரிடம் தமிழில் பேசுங்கள், தமிழில் எழுதுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, பேச்சில் ஒரு பிள்ளை ‘அஞ்சு’ என்றால், அதனைப் பிழையென்று வெட்டாமல், ‘அது பேச்சு, எழுதும்போது ஐந்து’ என்று இரண்டையும் அதன் கையில் கொடுங்கள். இரண்டும் அப்பிள்ளையின் உடைமை.