703 என்னும் எண்



1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய் ஆகிய நாணயங்கள் வழங்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே 703 ரூபாய் கொடுக்க வேண்டும். மீதிச் சில்லறை பெறுதல் ஆகாது. குறைந்தது எத்தனை நாணயங்கள் வேண்டும்? 729 பயன்படாது. 64ஐப் பதினொரு முறை வைத்தால் 704 ஆகி ஒன்று மிகுந்துவிடும். ஆகவே பத்து முறை வைத்து 640 ஆக்குவோம். எஞ்சிய 63ஐ ஒற்றை ரூபாய்களாகவே கொடுத்தல் வேண்டும். மொத்தம் 73 நாணயங்கள்.

1ஐயும் 2ஐயும் 3ஐயும் தனித்தனியே ஆறு முறை வைத்துப் பெருக்கினால் கிடைப்பவையே இந்நாணயங்கள். இவற்றை ஆறாம் அடுக்குகள் என்பர். 4இலிருந்து 4096, 5இலிருந்து 15625 என இவ்வரிசை முடிவின்றி வளரும். இவை யாவும் கைவசம் இருப்பின், எத்துணைப் பெரிய முழு எண்ணையும் 73 அடுக்குகளுக்குள் அடக்கிவிடலாமா? கோடி எண்களைச் சோதித்துப் பார்த்தாலும் இதற்கு விடையாகாது. கோடிக்கு அப்பாலும் எண்கள் உள்ளன. ‘பல’ என்பதற்கும் ‘எல்லாம்’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவு மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு நன்கு தெரியும். கணிதத்திலோ அத்தொலைவைக் கடக்க நிரூபணம் ஒன்றே பாலம்.

எந்த முழு எண்ணையும் ஒன்பது கனங்களுக்குள்ளும், பத்தொன்பது நான்காம் அடுக்குகளுக்குள்ளும் எழுதலாம் என்று 1770ஆம் ஆண்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர் நிரூபணமின்றிக் கூறிச் சென்றார். அதிலிருந்து எழுந்ததே இவ்வினா. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940இல் நிறுவியவர் ஒரு தமிழர்: சு. சி. பிள்ளை எனப்பட்ட சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901இல் பிறந்த இவர் குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளியின் இறுதி ஆண்டில் தந்தையையும் இழந்தார். நாகர்கோவிலில் பயின்றபின், இத்திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தபோதே இச்சாதனையைப் புரிந்தார். 1941இல் ஆசிரியராகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மறு ஆண்டே கல்கத்தாவுக்குச் சென்றார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற நம்மைப் போல் அவரும் இடம் மாறினார். எண்களின் ஆராய்ச்சியை மட்டும் எங்கும் கைவிடவில்லை.

1950ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் அவரை ஓராண்டு தங்க அழைத்தது. ஹார்வர்டில் கூடவிருந்த உலகக் கணித மாநாட்டிற்கும் அவர் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் எகிப்து நாட்டில் விமானம் வீழ்ந்தது. நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று சீன அறிஞர் சென் 1964இல் காட்டினார். நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதைத் தீர்த்த மூவருள் பாலசுப்பிரமணியன் என்னும் தமிழரும் ஒருவர்.

அயல் மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, 703ஐப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 73 என்று அவர்கள் கண்டவுடன், அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவையில்லை என்று உலகுக்கு உறுதி கூறியவரின் பெயரையும் சொல்லுங்கள்.