கணக்குப் புத்தகம் யார் கையில்?

(நம் சங்கத்தின் ஹைதராபாத் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிளாக்செயின் பற்றி அரை மணி பேசுங்கள்" என்று காரியதரிசி கேட்டபோது, எழுபத்தைந்து வயதுக்காரனிடம் கேட்கிற விஷயமா இது என்று தயங்கினேன். நான் படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். உத்தியோகம் பார்த்தது சர்க்காரில், தணிக்கைப் பிரிவில். என் மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, ரிடையராக இன்னும் பத்து வருஷம்தான் பாக்கி.

ஆனால் இது நம் வீட்டு விஷயமாகிவிட்டது. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர நம் இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். நன்கொடை வாங்குவது, மனுக்களைப் பரிசீலிப்பது, காலேஜுக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதில் நடக்கும். "முழுவதையும் பிளாக்செயினில் வைத்துவிடலாம்" என்பது அவர்கள் யோசனை. பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களின் பணம் இது. அதனால் கமிட்டி என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னது.

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் என் பேரனிடம், "பிளாக்செயினை எந்த இடத்தில் வைக்க வேண்டும்?" என்று கேட்டேன். அவன், "தாத்தா, முதல்ல உனக்கு யார் மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லு. அப்புறம் இடத்தைப் பத்திப் பேசலாம்" என்றான். அந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்தியது.

தொண்ணூறுகளில் சிகந்தராபாத்தில், எங்கள் பக்கத்துப் போர்ஷனில் ஒரு மாமி இருந்தார். மாமா காலமாகிவிட்டார். பெண் கல்யாணத்துக்காக மாமி ஒரு கம்பெனியில் சீட்டுக் கட்டி வந்தார். கம்பெனியின் பெயர் இப்போது வேண்டாம். மாமியின் பாஸ் புஸ்தகத்தில் 22 தவணை கட்டியதாக இருந்தது. கம்பெனியின் பேரேட்டில் 19தான். நான் கூடப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுவதும் ஒரே மசியில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியது போல இருந்தது. தணிக்கைக்காரன் கண்ணுக்கு அது போதும். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. மாமி மூன்று தவணையை மறுபடியும் கட்டினார்.

அங்கே கோளாறு என்ன? தகராறு இரண்டு பேருக்குள். கணக்குப் புத்தகமோ அதில் ஒருவர் கையில். இதுதான் பிளாக்செயின் தீர்க்கப் பார்க்கும் பிரச்சினை.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு கணக்குப் பக்கத்தை ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டால், 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு முத்திரை கிடைக்கும். இதை ஹாஷ் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு கமாவை மாற்றினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். முத்திரையைக் கொண்டு பக்கத்தைத் திரும்ப உண்டாக்கவும் முடியாது. அடுத்த பக்கத்தின் தலையில் முந்தைய பக்கத்தின் முத்திரையை எழுதிவிட்டால், பக்கங்கள் சங்கிலியாகிவிடும். பழைய பக்கத்தைத் திருத்தினால் அதற்குப் பிறகு வரும் அத்தனை முத்திரைகளும் பொருந்தாமல் போகும். இந்தச் சங்கிலியின் பிரதி சம்பந்தப்பட்ட பலரிடமும் இருக்கும். முன்பே ஒத்துக்கொண்ட விதிப்படிதான் புதுப் பக்கம் சேரும். பிளாக்செயினின் சாரம் இவ்வளவுதான்.

இந்த யோசனை பிட்காயினுக்கு முந்தியது. அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991ல் இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய கம்பெனி, 1995 முதல் வாரம் ஒருமுறை ஒரு முத்திரையை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சடித்து வந்தது. ஊர் முழுக்க வீடுகளுக்குப் போய்விட்ட பேப்பரை யாரால் திரும்பச் சேகரித்துத் திருத்த முடியும்? 2008ல் வெளிவந்த பிட்காயின் கட்டுரை மொத்தம் 8 மேற்கோள் நூல்களைக் காட்டுகிறது. அவற்றில் 3 இவர்கள் எழுதியவை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மாமிக்கு நடந்தது போன்ற விஷயத்துக்காகவே, தெலங்கானா அரசின் பதிவுத் துறை 2018-19ல், சிட்மங்க்ஸ் என்ற ஹைதராபாத் கம்பெனியுடன் சேர்ந்து, 'டி-சிட்ஸ்' என்ற பிளாக்செயின் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சீட்டில் மூன்று தரப்பு உண்டு: சீட்டு நடத்துபவர், சந்தாதாரர், சர்க்காரின் பதிவாளர். 1982ஆம் வருஷத்துச் சிட் ஃபண்ட் சட்டப்படி ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பும் பதிவாளருக்குப் போக வேண்டும்.

ஓர் உதாரணம். 25 பேர், மாதம் 4,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒருவர் 20,000 தள்ளி 80,000க்கு எடுக்கிறார். தள்ளுபடியில் 5,000 கம்பெனி கமிஷன். மீதி 15,000ஐ 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 600. இதில் எதைச் சங்கிலியில் எழுத வேண்டும்? யார் எடுத்தார், எவ்வளவு தள்ளினார், யாருக்கு எவ்வளவு சேர வேண்டும், யார் தவணை கட்டினார் என்பவற்றை. பின்னால் தகராறு வரக்கூடிய வரிகள் அவைதான். சந்தாதாரரின் விலாசம், போன் நம்பர், ஆதார் நகல், ஞாபகமூட்டும் குறுஞ்செய்தி, போனில் தெரியும் திரை இவையெல்லாம் சாதாரண டேட்டாபேஸில் இருந்தால் போதும். ஆக, பெரிய கட்டடத்தில் பிளாக்செயின் ஒரே ஓர் அறை. அதுவும் லாக்கர் அறை.

அந்த அறை வேண்டுமா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: ஒரே புத்தகத்தில் பல தரப்பினர் எழுதுகிறார்களா? ஒருவரே எழுதுவதானால் டேட்டாபேஸ் போதும்.

இரண்டாவது: எல்லோரும் நம்பக்கூடிய ஒரு பொது ஆள் இல்லையா? இருந்தால் அவரிடமே புத்தகத்தைக் கொடுத்துவிடலாம். 2016ல் வந்த யு.பி.ஐ.யைப் பாருங்கள். மாதத்துக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடக்கின்றன. அதற்குப் பிளாக்செயின் தேவைப்படவில்லை. நடுவில் தேசியப் பரிவர்த்தனைக் கழகம் இருக்கிறது, மேலே ரிசர்வ் வங்கி இருக்கிறது, எல்லா வங்கிகளும் அவர்களை ஏற்கின்றன.

மூன்றாவது: எழுதும்போதே அது நிஜம் என்று பார்க்க ஆள் உண்டா? இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் போனுக்கு வரும் வியாபாரக் குறுஞ்செய்திகளுக்காக, டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் 2018ல் விதி செய்து, போட்டிக் கம்பெனிகளான ஏர்டெல், ஜியோ முதலானவர்களை இத்தகைய பொதுப் பதிவேட்டில் சேர்த்தது. போட்டியாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் புத்தகம் என்பதால் இடம் பொருத்தம்தான். ஆனாலும் பதிவான பெயர்களையும் செய்தி வடிவங்களையும் சிலர் துஷ்பிரயோகம் செய்ததால், 2023 பிப்ரவரியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும்படி ஆணையமே உத்தரவிட வேண்டியிருந்தது. பூட்டு நன்றாக இருந்தும், உள்ளே வைத்த சரக்கு சரியில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அடித்துத் திருத்திய கணக்கைவிட, முதலிலேயே பொய்யாக எழுதிய கணக்கைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிளாக்செயின் முதல் வகையைப் பிடிக்கும். இரண்டாவதைப் பிடிக்காது. பத்திரமாகக் காப்பாற்றியும் கொடுக்கும். மாமி பணம் கட்டிய அன்றே அந்த வரியை அவரே கண்ணால் பார்த்திருந்தால்தான் சங்கிலியால் அவருக்குப் பிரயோஜனம்.

இனி நம் கல்வி நிதி. எழுதுகிறவர் பொருளாளர் ஒருவரே. நாம் தேர்ந்தெடுத்தவர். மேலே ஆடிட்டர், அதற்கு மேல் பொதுக்குழு. முதல் இரண்டு கேள்விகளிலேயே விடை கிடைத்துவிட்டது. இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. உதவி பெறும் குழந்தையின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது ஆரம்பம் முதல் நம் வழக்கம். சங்கிலியில் ஏறிய பெயரை எடுக்க முடியாது. 2023ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் விவரத்தைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. இருபது வருஷம் கழித்துப் பெரிய பதவியில் இருக்கப்போகும் பிள்ளைக்கு, இன்று அவன் தகப்பனார் எழுதிய மனு எங்கோ அழியாமல் கிடக்க வேண்டுமா?

ஆனால் இளைஞர்களின் கவலை நியாயமானது. பொதுக்குழுவில் பாஸான கணக்கைப் பிறகு யாராவது மாற்றினால்? பொருளாளர்கள் மாறுவார்கள், கம்ப்யூட்டரும் மாறும். அதற்கு என் சிபாரிசு இது. சாஃப்ட்வேர் சாதாரண டேட்டாபேஸில் நடக்கட்டும். ஒவ்வொரு காலாண்டும் ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குக் கோப்புக்கு ஹாஷ் முத்திரை எடுத்து, அந்த 64 எழுத்துகளை நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவோம். கோப்பிலேயே முந்தைய இதழின் முத்திரையும் சேரட்டும். முத்திரையைப் பார்த்து யாராலும் எந்தப் பெயரையும் அறிய முடியாது. அசல் கோப்பை ஒரு புள்ளியும் மாறாமல் மூன்று ஊர்க் கிளைகளில் வைத்தால் போதும். யார் எப்போது சந்தேகப்பட்டாலும் ஐந்து நிமிஷத்தில் ஒத்துப் பார்க்கலாம். செலவு, அச்சில் இரண்டு வரி.

ரசீது விஷயத்திலும் ஒரு பிரார்த்தனை. நன்கொடை கொடுத்தவருக்கு அன்றே போனில் வரவு தெரியும்படி சாஃப்ட்வேரில் செய்யுங்கள். அதைத் திறந்து பார்ப்பது அங்கத்தினர்களின் கடமை. பார்க்காமல் இருந்துவிட்டு, தொழில்நுட்பம் காப்பாற்றவில்லை என்று சொல்லக் கூடாது.

கமிட்டி இதை ஏற்றுக்கொண்டால், பிறகு உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நம் வீடுகளுக்கு வரும் பத்திரிகைதான் அப்புறம் நம் சங்கிலி. தயவுசெய்து பழைய இதழ்களைப் பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.