மீன்வள ஆய்வுக் கப்பலும் தமிழ்ப் பெயர்களும்



இலக்கணம் கேட்க வந்திருக்கும் உங்களை இன்று ஒரு கப்பலின் மேல்தளத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அங்கே வலையில் வந்த மீன்களைப் பிரித்து, எடையிட்டு, அளந்து, பெயர் எழுதும் ஒரு பணியாளர் இருக்கின்றார். மீன்வள ஆய்வின் தொழில்நுட்ப உதவியாளர் என்பது அவருடைய பதவி. அவரிடம் நாம் கற்ற பாடமே இவ்வுரையின் பொருள்.

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் அமைந்த மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர் பெற்றது. அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா. பின்புறம் குனோங் ஜெராய். இதே ஆற்று வழியில் உள்ளே சென்றால் பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்கள். 1025இல் இராசேந்திர சோழன் படை நடத்திய கடாரம் இந்நிலமே. மலாய் மொழியின் ‘காப்பால்’ நம் ‘கப்பல்’ என்னும் சொல்லிலிருந்து சென்றது. ஆயினும் பின்னாளில் கெடாவுக்கு வந்த நம் முன்னோருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள். பால்மரமும் மங்கும் அவர்கள் தமிழில் வாழ்ந்தன. கடல் அவ்வாறு வாழவில்லை.

ஆய்வுக் கப்பலில் நடைபெறும் பணியை முதலில் காண்போம். குறித்த இடத்தில், குறித்த ஆழத்தில், குறித்த நேரம் இழுவை வலை இழுக்கப்படுகின்றது. வலை ஏறியதும் அடிமடியை அவிழ்த்துப் பிடிபட்டதைத் தளத்தில் கொட்டுகின்றனர். முதலில் நஞ்சுள்ளவற்றையும் முள்ளால் குத்துபவற்றையும் விலக்க வேண்டும். பின்னர் இனம் இனமாகக் கூடைகளில் பிரிக்க வேண்டும். பிடிப்பு மிகுந்திருந்தால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பிரித்து, முழு எடைக்கு விகிதம் காண வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் எண்ணிக்கை, எடை, அளவைப் பலகையில் வைத்த நீளம் ஆகியவை படிவத்தில் ஏறும். சில மீன்களின் வயிற்றைத் திறந்து சினைப்பருவம் பார்ப்பர். தலையினுள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து வைப்பர். மரத்தின் ஆண்டு வளையம்போல அதில் படியும் வளையங்கள் மீனின் வயதைக் காட்டும். இவை அனைத்தும் ஆடும் தளத்தில், ஈரக் கையோடு, அடுத்த வலை ஏறுவதற்குள் முடிய வேண்டும்.

இவ்வெண்கள் எதற்கு? வலை மூன்று கடல்மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் சென்றால் கடக்கும் தொலைவு 5.556 கிலோமீட்டர். வலைவாயின் விரிவு 18 மீட்டர் எனக் கொண்டால், துடைக்கப்பட்ட கடற்பரப்பு ஏறத்தாழ 0.1 சதுரக் கிலோமீட்டர். அதில் 100 கிலோ மீன் கிடைத்தால், சதுரக் கிலோமீட்டருக்குக் குறைந்தது 1,000 கிலோ இருக்கலாம் என மதிப்பிடலாம். ‘குறைந்தது’ என்றோம், வலைக்குத் தப்பும் மீன்களும் உண்டு. இவ்வாறு ஆண்டுதோறும் அளந்தால் கடலின் நிலை தெரியும். தாய்லாந்து வளைகுடாவில் 1961இல் ஒரு மணி நேர இழுப்பில் ஏறக்குறைய 300 கிலோ கிடைத்தது; பிற்காலத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிற்று. இந்த வீழ்ச்சியை உலகுக்குக் காட்டியவை படிவத்தில் ஏறிய எண்களே. எங்கே, எத்தகைய வலை, எவ்வளவு என்று அரசு வகுக்கும் விதிகளுக்கும் அடிப்படை அவையே.

இனி நம் தவற்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்காக மீன்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுத்தோம். மலாயில் ‘கெம்போங் பெரெம்புவான்’, ‘மாபோங்’ என இரு மீன்கள் இருந்தன. இரண்டிற்கும் எதிரே ‘கானாங்கெளுத்தி’ என்று எழுதி நிறைவடைந்தோம். தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் அப்பட்டியலைக் கண்ட ஒருவர், “ஐயா, இவற்றை ஒரே கூடையில் போட்டால் எங்கள் கணக்கு கெட்டுவிடும்” என்றார். ஆய்வுக் கப்பலில் பல ஆண்டுகள் பணியாற்றிய தமிழர் அவர். இரு மீன்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று அகன்ற உடல். உடலின் அகலம் தலையின் நீளத்திற்குச் சமம் அல்லது அதனினும் மிகுதி. மற்றொன்றின் தலை உடலின் அகலத்தைவிட நீண்டது. வளரும் அளவும் வேறு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், பெரிய மீன் குறைந்து வருவதைச் சிறிய மீனின் பெருக்கம் மறைத்துவிடும். அகராதியில் நாம் செய்த சிறு சோம்பல் கடலில் பெரும்பிழை ஆகும் என்பது அன்று புரிந்தது.

ஒரு பெயருக்குப் பல மீன் என்பது போலவே, ஒரு மீனுக்குப் பல பெயரும் உண்டு. சென்னையில் வஞ்சிரம் எனப்படுவதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பர், குமரிப் பக்கம் நெய்மீன், இலங்கையில் அறக்குளா. அதே ‘சீலா’ சென்னையிலும் இலங்கையிலும் கூர்ந்த பல்லுடைய வேறொரு நீள மீனைக் குறிக்கும். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஊர்ப்பெயரோடு சேர்த்துப் பதியாததே பிழை. பேச்சு வழக்கைத் தொகுப்போர் யார், எங்கே, எதனைச் சுட்டிச் சொன்னார் என்று குறிப்பது நம் துறையின் முதல் விதி. படிவத்தில் இடமும் ஆழமும் நேரமும் முதலில் எழுதும் கப்பல் பணியாளரின் விதியும் அதுவே.

தமிழுக்கு அறிவியல் பெயரீட்டோடு உறவில்லை என எண்ண வேண்டா. தரங்கம்பாடியில் வாழ்ந்த சமயப் பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், அக்கடலின் மீன்களைப் பெர்லினிலிருந்த அறிஞர் புளோக்குக்கு அனுப்பினார். கத்தாளை வகை ஒன்றுக்கு 1793இல் புளோக் இட்ட பெயர் ‘ஜோனியஸ் கருத்தா’. முற்பகுதி ஜான், பிற்பகுதி நம் மீனவர் சொன்ன ‘கருத்த’ கத்தாளை. மலாயில் கெலாமா எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. இங்கே நாம் விரும்பி வாங்கும் ஜெனாஹாக் மீனின் அறிவியல் பெயரான ‘லுட்ஜானஸ் ஜோனி’யும் அதே ஜானை நினைவூட்டுகின்றது. பெயர் அறியாத ஒரு தரங்கம்பாடி மீனவரின் அடைமொழி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் ஆய்வுப் படிவங்களில் எழுதப்பட்டு வருகின்றது.

அந்தப் பணியாளர் மேலும் ஒன்று கூறினார். அவர் தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் பயின்றவர். தளத்தில் மலாய்ப் பெயர்களைக் கற்றார். படிவத்தில் இலத்தீன் பெயர்களைக் கற்றார். “கரைக்கு வந்ததும் அம்மா, ‘என்னப்பா வேலை பார்க்கிறாய்?’ என்று கேட்பார். ‘மீன் அளக்கிறேன்’ என்பதற்கு மேல் எனக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. அம்மா போய்விட்டார்” என்றார். மறுமொழி கூற நம்மிடம் சொல் இல்லை. தமிழ் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவர் நாம்.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது எளியது. புதுச்சொல் படைக்க விரையாதீர்கள். மாணவரை ஒருநாள் படகுத்துறைக்கோ, அருகிலுள்ள சந்தைக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஏட்டில் நான்கு பத்தி வரையட்டும்: மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர், சொன்னவரின் பூர்வீக ஊர், கண்ட அடையாளம். தமிழ்ப் பெயர் கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடட்டும். நாம் செய்ததுபோல் அருகிலுள்ள பெயரை இழுத்து நிரப்ப வேண்டா. மீனின் நீளத்தை அளக்கட்டும். தலை, செவுள், துடுப்பு, செதில், வால் என உறுப்புகளைத் தமிழில் சொல்லி எழுதட்டும். அறிவியல் பாடமும் மொழிப் பாடமும் அங்கே ஒன்றாகும்.

மாணவர்களே, உங்களுள் ஒருவர் நாளை அத்தகைய கப்பலில் ஏறலாம். படிவத்தில் எம்மொழியில் எழுத நேரினும் குற்றமில்லை. வீடு திரும்பிய மாலையில், அன்று வலையில் என்ன வந்தது என்று உங்கள் தாய் கேட்பார். அவருக்கு முழுமையாக விடை சொல்லும் அளவுக்கு உங்கள் தமிழ் இருக்க வேண்டும் என்பதே நம் வேட்கை.